அத்தியாயம் 5: கழிவுநீர் நிலையத்தின் உரிமமும் பதிவேடுகளும்

திருகோணமலை நகரில் குழாயைத் திறந்தால் கந்தளாயிலிருந்து வந்த தண்ணீர் விழுகிறது. சுமார் 40 கிலோமீற்றர் கடந்து வரும் அந்தத் தண்ணீருக்குச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு, மானி உண்டு, மாதாமாதம் பட்டியலும் உண்டு. பாவித்து முடித்த தண்ணீருக்குத்தான் ஒழுங்கான கணக்கு இல்லை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் குழாய்வழிக் கழிவுநீர் வலையமைப்போடு இணைந்தவர்கள் ஏறத்தாழ 2 சதவீதத்தினர்தான். கொழும்பையும் கண்டியையும் போன்ற சில இடங்களை விட்டால், மற்ற எல்லோரும் வளவுக்குள் இருக்கும் மலக்குழியை நம்பி வாழ்கிறார்கள். துறைமுக நகரத்து வீடுகளில் பெரும்பாலானவையும் அப்படியே.

ஆகவே இந்த மாவட்டத்தில் இன்று நீங்கள் கண்காணிக்க வேண்டியவை சிறிய நிலையங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்களின் பின்வளவில் உள்ளவை, பெரிய நிறுவனங்களின் வளவுக்குள் உள்ளவை, மலக்கழிவு அகற்றும் பவுசர்கள் கொண்டுபோய்க் கொட்டும் இடங்கள். நாளை நகரத்துக்கென்று பெரிய நிலையம் ஒன்று வந்தாலும் அதற்கும் இதே சட்டந்தான், இதே பதிவேடுகள்தான். மீனவர் சங்கச் செயலாளர், சபை உறுப்பினர், பாடசாலை ஆசிரியர், கடற்கரையோரம் குடியிருப்பவர் என யார் வேண்டுமானாலும் இந்த அத்தியாயத்தில் சொல்லியிருப்பதைச் செய்து பார்க்கலாம். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

இதில் நான் அழுத்திச் சொல்ல வருவது ஒன்றுதான். ஆய்வுகூட அறிக்கை ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஒரு நிலையம் நன்றாக இயங்குகிறது என்று நம்பாதீர்கள். அந்த அறிக்கை ஒரு போத்தல் தண்ணீரைப் பற்றியது. நிலையம் வருடத்தின் எல்லா நாளும் ஓடுகிறது. மற்ற நாட்களில் என்ன நடந்தது என்பதை நிலையத்துக்குள் இருக்கும் சாதாரணப் பதிவேடுகள் சொல்லும். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் மறைத்தது வெளியில் வந்துவிடும்.

யார் பொறுப்பு?

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடி. 1988இல் செய்த திருத்தம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சட்டத்தின் 23அ பிரிவு, குறித்துரைக்கப்பட்ட செயற்பாடு எதையும் அந்த உரிமம் இல்லாமல் நடத்தக்கூடாது என்கிறது. உரிமத்தை வழங்குவது மத்திய சுற்றாடல் அதிகாரசபை. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மாசு கூடிய வகுப்பைச் சேர்ந்தவை. அந்த வகுப்புக்கு உரிமம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். நிலையத்தை நடத்துவது தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையாக இருந்தாலும் உள்ளூராட்சி மன்றமாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. ‘அரசாங்க நிலையம்தானே, உரிமம் எதற்கு?’ என்று சொல்லும் உத்தியோகத்தரிடம் அந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயர்வுப்பெருக்குச் சராசரிக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும், தாழ்வற்றுச் சராசரிக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதற்குள் எதையும் கட்டுவதற்குக் கரையோரம் பேணும் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலுக்குள் அழுக்கு போய்ச் சேர்ந்தால் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் அதிகாரம் உண்டு. நாற்றம், நுளம்பு, கிணற்று நீர் என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும். துறைமுக எல்லைக்குள் துறைமுக அதிகாரசபை.

இத்தனை பேர் இருப்பதால் ஒரு முறைப்பாடு கைமாறிக் கைமாறித் தொலைந்துபோவதுதான் வழக்கம். அதனால் முறைப்பாட்டை ஒரே திகதியில், ஒரே கடிதமாக, எல்லா அலுவலகங்களுக்கும் பிரதியிட்டு அனுப்புங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாசு குறைந்த வகுப்புக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கையளிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரே மன்றம் ஓர் இடத்தில் உரிமம் கொடுப்பவராகவும், இன்னோர் இடத்தில் கழிவை ஏற்றி இறக்குபவராகவும், மூன்றாமிடத்தில் முறைப்பாட்டை வாங்குபவராகவும் இருக்கும். மன்றமே நடத்தும் வேலையைப் பற்றிய முறைப்பாட்டை மன்றத்திடம் மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியைக் கையில் வாங்குங்கள்.

உரிமத்தின் இணைப்பை வாசியுங்கள்

உரிமத்தின் முதற்பக்கத்தில் பெயரும் திகதியும் இருக்கும். திகதி முடிந்துவிட்டதா, முடிவதற்கு முன்னரே புதுப்பிக்க விண்ணப்பித்தார்களா என்று பார்த்துவிட்டு இணைப்புக்கு வாருங்கள். சரக்கு அங்கேதான் இருக்கிறது. எத்தனை கன மீற்றர் வரை சுத்திகரிக்கலாம், வெளியேறும் நீர் எங்கே விடப்படுகிறது, அந்த நீரில் எது எவ்வளவுக்கு மேற்படக்கூடாது என்பதெல்லாம் அந்த இணைப்பில்தான்.

எண்களின் மூலம் 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி. அதில் நீர் போய்ச் சேரும் இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு பட்டியல்கள் உண்டு. ஆறு, குளம் போன்ற உள்நாட்டு நீர்நிலைக்கு விடுவதென்றால் உயிரியல் ஒட்சிசன் கேள்வி லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தொங்கு திண்மங்கள் 50ஐத் தாண்டக்கூடாது. கரையோரக் கடலுக்கென்றால் அதே இரண்டும் 100, 150 என்று தளர்ந்துவிடும். எண்ணெயும் கிறீஸும் முன்னதில் 10, பின்னதில் 20. மலக் கோலிபோம் பற்றீரியா 100 மில்லிலீற்றரில் முன்னதில் 40, பின்னதில் 60.

ஒரே நிலையம், ஒரே தண்ணீர். ஆனால் ‘கடல்’ என்று எழுதினால் மூன்று மடங்குக்கு மேல் அழுக்கை விடலாம். ஆகவே இந்தத் துறைமுக மாவட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி: எந்தப் பட்டியலை எடுத்தீர்கள்? ஏன் அதை எடுத்தீர்கள்?

கடலுக்குத் தளர்வு கொடுப்பதற்குக் காரணம், திறந்த கடல் கழிவை விரைவில் கலைத்துவிடும் என்ற எண்ணம். நிலாவெளிக்கு வெளியே அலையடிக்கும் கடலுக்கு அது பொருந்தலாம். உட்துறைமுகத்துக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் பொருந்தாது. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசை நாட்களிலும் ஒரு மீற்றருக்குக் குறைவு. கப்பல்களுக்கு அடைக்கலம் தரும் அதே மலைகளும் வளைவுகளும் உள்ளே போன நீரை இலேசில் வெளியே விடுவதில்லை. தம்பலகாமக் குடா ஒருகாலத்தில் கண்ணாடிபோல் மெல்லிய ஓடுள்ள சிப்பிக்கும் அதன் முத்துக்கும் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டிலேயே அரசாங்கம் அந்தச் சிப்பிப் படுக்கைகளை ஆராய ஆள் அனுப்பியது. சிப்பியும் மட்டியும் நீரை வடித்துத் தின்பவை. நீரில் உள்ள மலக்கிருமி அவற்றின் உடலில் சேர்ந்துகொள்ளும். மட்டி பொறுக்கிச் சமைக்கும் குடும்பங்கள் இருக்கும் குடாவுக்குத் திறந்த கடலின் அளவுகோலைப் போடுவது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

இதற்கு வர்த்தமானியிலேயே ஒரு பிடி இருக்கிறது. உள்நாட்டு நீர்நிலைப் பட்டியலின் அடிக்குறிப்பு, இந்த எண்கள் குறைந்தது 8 மடங்கு சுத்தமான நீரில் கலப்பதை வைத்தே போடப்பட்டவை என்கிறது. கலப்பு அதற்குக் குறைந்தால் அந்த விகிதத்தில் எல்லையும் இறங்கும். நான்கு மடங்கு நீர்தான் இருக்கிறது என்றால் 30 என்பது 15 ஆகிவிடும். 8 மடங்கு என்ற இந்தக் கணக்கு பழையது. இங்கிலாந்தின் கழிவுநீர் அகற்றலுக்கான அரச ஆணைக்குழு 1912இல் தன் எட்டாவது அறிக்கையில் உயிரியல் ஒட்சிசன் கேள்விக்கு 20, தொங்கு திண்மத்துக்கு 30 என்று எல்லை வகுத்தபோதும் 8 மடங்கு ஆற்றுநீரில் கலப்பதையே அடிப்படையாக எடுத்தது. கோடையில் வறண்டு கிடக்கும் நம் ஊர் வாய்க்காலில் 8 மடங்கு சுத்தமான நீர் எங்கிருந்து வரும்? வெளியேறும் குழாய் ஒரு வாய்க்காலில் விழுந்து, வாய்க்கால் குடாவில் விழுந்தால், அந்த நீர் முதலில் சேரும் இடம் வாய்க்கால்தான். கலப்பு எத்தனை மடங்கு என்று யார், எந்த மாதத்தில் அளந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கடற்பட்டியலை எடுத்திருந்தாலும் இதே கேள்வியை விடாதீர்கள். உங்கள் நிலையத்தைக் கட்டுப்படுத்துவது அதன் உரிமத்தில் அச்சடித்திருக்கும் எண்தான். ஆகவே அந்த எண் தவறான பட்டியலிலிருந்து வந்திருந்தால், அதை மாற்றும்படி அடுத்த புதுப்பித்தலுக்கு முன்னரே எழுத வேண்டும்.

அறிக்கையில் எங்கே பார்ப்பது

ஆய்வுகூட அறிக்கை கையில் வந்ததும் எண்களைப் பார்க்காதீர்கள். முதலில் மாதிரி எடுத்த நேரத்தைப் பாருங்கள். காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில்தான் குளியலும் கழிப்பறையும் சமையலும் ஒன்றாக வந்து நிலையத்தில் விழும். பிற்பகல் 3 மணிக்கு எடுத்த ஒரு போத்தல், நிலையம் ஓய்வாக இருந்த நேரத்தைத்தான் காட்டும். 24 மணிநேரத்தில் இடைவெளி விட்டு எடுத்துச் சேர்த்த கூட்டு மாதிரியா, ஒரே தடவையில் அள்ளிய மாதிரியா என்று அறிக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள்.

அடுத்தது மாதிரியின் பயணம். கோலிபோம் பார்ப்பதற்குக் கிருமிநீக்கிய போத்தல் வேண்டும். குளோரின் ஏற்றிய நீர் என்றால் போத்தலுக்குள் சோடியம் தயோசல்பேற்று இட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் மிச்சக் கிருமிகளையும் கொன்று, எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து, எடுத்த அன்றே ஆய்வைத் தொடங்க வேண்டும். மாதிரி கொழும்புக்குப் போனதென்றால் 260 கிலோமீற்றர் அளவில் பயணம். ஆய்வுகூடத்தில் அது எத்தனை மணிக்குப் பதியப்பட்டது என்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

உயிரியல் ஒட்சிசன் கேள்வியைப் பற்றியும் ஒரு சொல். நீரில் உள்ள அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஒட்சிசனை இழுத்துக்கொள்கின்றன என்பதுதான் அந்த அளவு. 20 பாகை செல்சியசில் ஐந்து நாள், அல்லது 27 பாகையில் மூன்று நாள் வைத்துப் பார்க்க வர்த்தமானி இடங்கொடுக்கிறது. ஆகவே இன்று எடுத்த மாதிரிக்கு நாளை விடை வராது. மாதிரி எடுத்த திகதிக்கும் அறிக்கைத் திகதிக்கும் இடையில் மூன்று நாள்கூட இல்லாத அறிக்கை வந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

நான்கு பதிவேடுகள்

இனி நிலையத்துக்குள் போவோம். அங்கே நீர்ப்பாய்ச்சல், மின்சாரம், கசடு, குளோரின் என நான்கு கணக்குகள் இருக்க வேண்டும். தனித்தனியே பார்த்தால் நான்கும் ஒழுங்காகவே தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பேசத் தொடங்கும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 200 கன மீற்றர் கழிவுநீர் வரும் நிலையம். பெரிய ஹோட்டல் ஒன்றுக்கோ நடுத்தர மருத்துவமனை ஒன்றுக்கோ பொருந்தும் அளவு. உள்ளே வரும் நீரின் உயிரியல் ஒட்சிசன் கேள்வி லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் நாளுக்கு 50 கிலோகிராம். நுண்ணுயிர்கள் இதைத் தின்று பெருகும்போது, தின்றதில் ஏறத்தாழ 40 சதவீதம் புதிய கசடாக மாறும். அதாவது உலர் எடையில் நாளுக்கு 20 கிலோ. மாதத்துக்கு 600 கிலோ. நிலையத்திலிருந்து எடுக்கும் கசட்டில் 99 சதவீதம் தண்ணீர் என்பதால் அது சுமார் 60 கன மீற்றராக இருக்கும். 4,000 லீற்றர் பவுசரில் 15 நடை. காயவைத்து எடுத்தாலும் இரண்டு, மூன்று தொன் இருக்கும்.

இப்போது கசடு அகற்றிய பதிவேட்டைக் கேளுங்கள். மூன்று மாதத்தில் ஒரேயொரு பவுசர் வந்துபோனதாக இருந்தால், மிச்சம் எங்கே? கசடு ஆவியாகிப் போகாது. தொட்டி நிரம்பியதும் அது வழிந்து, வெளியேறும் நீரோடு சேர்ந்து கடலுக்குப் போயிருக்கும். பெரும்பாலும் இரவில், அல்லது மழை நேரத்தில். இந்த ஒரு கணக்கை மட்டும் செய்யத் தெரிந்தாலே பாதிக் கண்காணிப்பு முடிந்தது என்பேன். பவுசர் எங்கே கொட்டியது என்பதையும் விடாதீர்கள். ஏற்றிய இடத்துப் பதிவேட்டில் உள்ள திகதியும் வண்டி இலக்கமும் இறக்கிய இடத்துப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால், அந்த வண்டி நடுவழியில் ஏதோ ஓர் ஓடைக்கரையில் நின்றிருக்கிறது.

மின்சாரத்துக்கு வருவோம். காற்றூட்டல் தொட்டிக்குக் காற்றடிக்கும் புளோவர்தான் நிலையத்தின் பெரும் மின்செலவு. பட்டியலைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் நிறுத்துவதும் அதைத்தான். புளோவரின் உடலில் பொருத்திய தகட்டில் அதன் வலு எழுதியிருக்கும். 5.5 கிலோவாற்று என்றால், நாளுக்கு 20 மணிநேரம் ஓடினால் 110 அலகு. மாதத்துக்கு 3,300 அலகு. நிலையத்துக்குத் தனி மானி இருந்தால் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் மின்பலகையில் உள்ள ஓடிய மணிநேர மானியை ஒரு தடவை படம் எடுத்துக்கொண்டு, சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள். பதிவேட்டில் எழுதிய மணிநேரத்துக்கும் மானி காட்டும் மணிநேரத்துக்கும் உள்ள வித்தியாசமே போதுமான சாட்சி.

குளோரின் கணக்கு இதைவிட எளிது. சுத்திகரிக்காத கழிவுநீரில் 100 மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சம் முதல் ஒரு கோடி வரை மலக் கோலிபோம் இருக்கும். வழமையான காற்றூட்டலும் அடையலும் அதில் பெரும்பகுதியைக் குறைத்தாலும், 40, 60 என்ற எண்ணுக்குக் கொண்டுவர முடியாது. கடைசியில் கிருமிநீக்கம் செய்தே ஆக வேண்டும். 200 கன மீற்றருக்கு லீற்றருக்கு 8 மில்லிகிராம் வீதம் போட்டால் நாளுக்கு 1.6 கிலோ குளோரின். 30 சதவீத வெளிற்றும் தூளாக வாங்கினால் ஐந்து கிலோவுக்கு மேல். மாதத்துக்கு 160 கிலோ. வாங்கிய பற்றுச்சீட்டில் 25 கிலோ மூட்டை ஒன்றுதான் இருக்கிறது, அறிக்கையில் கோலிபோம் 20 என்று இருக்கிறது என்றால், இரண்டில் ஒன்று பொய். கிருமியைப் புறஊதாக் கதிரால் அழிக்கும் நிலையம் என்றால் விளக்கு மாற்றிய திகதியைக் கேளுங்கள்.

நேரில் போகும்போது

அனுமதி கேட்டு, உரிய உத்தியோகத்தரோடு போங்கள். வேலி பாய்ந்து எடுத்த படம் வழக்கில் உதவாது. உள்ளே வேலை செய்பவர்களையும் எதிரிகளாக்கிவிடும். நிலையத்தை ஓட்டும் தொழிலாளியோ பெரும்பாலும் குறைந்த சம்பளத்துக்கு, தனியாக, நாற்றத்துக்குள் நிற்பவர். உண்மையை அறிந்தவரும் அவர்தான். அவரைக் குற்றவாளிபோல் நடத்தாமல், ‘தம்பி, கரண்ட் போனா இந்த புளோவர் எவ்வளவு நேரம் நிக்கும்? ஜெனரேட்டர் இதுக்கும் இழுக்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இல்ல அண்ணே, ஜெனரேட்டர் முன்பக்கத்துக்கு மட்டுந்தான்’ என்று வரும் ஒரு வரி, பத்துப் பக்க அறிக்கைக்குச் சமன். அவர் பெயரை எங்கும் எழுதாதீர்கள்.

காற்றூட்டல் தொட்டியின் நீர் சொக்கலேற் நிறமாக, ஈரமண் வாசத்தோடு இருந்தால் நல்லது. கறுத்து, அழுகிய முட்டை மணம் அடித்தால் காற்றுப் போதவில்லை. ஒரு லீற்றர் கண்ணாடி உருளையில் அந்த நீரை நிரப்பி அரை மணிநேரம் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். ஒழுங்கான நிலையம் எதிலும் அந்த உருளை இருக்கும். கசடு அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். அரை மணிநேரம் கழித்தும் மேல்வரை கலங்கலாகவே நின்றால், அடையல் தொட்டியிலும் அதுதான் நடக்கிறது. உருளையே இல்லை என்றாலோ தூசி படிந்து மூலையில் கிடந்தாலோ, தினசரிச் சோதனை என்று பதிவேட்டில் இருப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

பிறகு மாற்றுவழி வால்வு. நிலையத்தைச் சுற்றிக்கொண்டு நீரை நேரே வெளியேற்றும் குழாய் ஒன்று அவசரத்துக்கென்று இருக்கும். அதற்குப் பூட்டும் முத்திரையும் வேண்டும். திறந்த ஒவ்வொரு தடவையும் நேரமும் காரணமும் எழுதியிருக்க வேண்டும். வால்வின் திருகாணி துருப்பிடித்துக் கிடக்கிறதா, கிறீஸ் பூசிப் பளபளப்பாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

எந்த மாதத்தில் போவது என்பது இந்த மாவட்டத்துக்கு மிக முக்கியம். கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகள் நிறைவது சித்திரை முதல் புரட்டாசி வரை. ஆகஸ்ட் மாதத்தில் ஹோட்டல் நிலையங்களுக்கு அழுக்கு கூடும், வாய்க்காலில் நீரும் இராது. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை. அப்போது மழைநீர் குழாய்க்குள் புகுந்து, நிலையம் தாங்காமல் கசட்டைக் கழுவிக்கொண்டு போகும். இந்த இரண்டு காலத்திலும் மாதிரி எடுக்காமல் பெப்ரவரியில் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு வருட உரிமத்தைப் புதுப்பித்தால், நிலையத்தின் இரண்டு கடினமான பருவங்களையும் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மாதிரி எடுக்க வேண்டும் என்பதை உரிம நிபந்தனையாகவே சேர்க்கும்படி கேளுங்கள்.

எழுதிக் கேட்பது

தகவலுக்கான உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம். ‘எல்லா ஆவணங்களும் வேண்டும்’ என்று எழுதினால் அலைக்கழிப்பார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“(நிலையத்தின் பெயர்) கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் தொடர்பாகப் பின்வருவனவற்றின் பிரதிகளைத் தருக. நடப்பிலுள்ள சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் அதன் எல்லா இணைப்புகளும். எல்லைகள் வர்த்தமானியின் எந்தப் பட்டியலின்படி விதிக்கப்பட்டன என்பதைக் காட்டும் குறிப்பு. கடந்த 24 மாதங்களின் ஆய்வுகூட அறிக்கைகள், மாதிரி எடுத்த நேரம், முறை ஆகியவற்றுடன். அதே காலத்துக்குரிய நீர்ப்பாய்ச்சல், கசடு அகற்றல் பதிவேடுகள். அதிகாரசபை உத்தியோகத்தர்களின் கள ஆய்வு அறிக்கைகளும் அனுப்பிய அறிவித்தல் கடிதங்களும்.”

இதைத் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்து, பெற்றதற்கான எழுத்துச் சான்றை அங்கேயே வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன் பிறகும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. வியாபார இரகசியம் என்று சொல்லி மறுக்கப் பார்ப்பார்கள். பொதுநலன் பெரிதென்றால் அந்த மறுப்பு நிற்காது என்பதையும் சட்டமே சொல்கிறது.

புதிய நிலையம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டால் அதே சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பாவியுங்கள். வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்குத் தகவல் தருவது அமைச்சரின் கடமை. வெளியேற்றும் குழாயின் வாய் எங்கே வைக்கப்படும் என்பதை வரைபடத்தில் இருக்கும்போதே மாற்றலாம். சீமெந்து போட்ட பிறகு யாரும் மாற்றமாட்டார்கள்.

எதுவும் நடக்காவிட்டால்

நாற்றமும் கழிவும் ஊருக்குப் பகிரங்கத் தொல்லையாக இருந்தால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம். தொல்லையை அகற்றும்படி நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை அங்கே மிகப் பெறுமதியானது. இது விரைவான வழி; சிறிய நிலையங்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

கண்காணிக்க வேண்டிய அதிகாரசபையே கைகட்டி நின்றால் என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் சுன்னாகம் இருக்கிறது. அனல்மின் நிலையத்தை அண்டிய யாழ்ப்பாணக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. 2015இல் ரவீந்திர காரியவசம் என்ற சுற்றாடல் செயற்பாட்டாளர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தார். அந்த மனுவில் முதலாம் பிரதிவாதி, மின்நிலையத்தை நடத்திய நொதேண் பவர் நிறுவனம் அல்ல. மத்திய சுற்றாடல் அதிகாரசபை. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வந்த தீர்ப்பு, நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் சட்டம் தந்த கடமையில் தவறியதையும் எடுத்துரைத்தது. மாசு செய்தவர் செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டை, ஒரு கிராமத்துக் கிணற்றுக்காக நாட்டின் உச்ச மன்றம் நடைமுறைப்படுத்திய தீர்ப்பு அது. கழிவுநீர் நிலையம் ஒன்றை எதிர்த்து எழுதும் கடிதத்தில் அந்தத் தீர்ப்பைத் திகதியோடு குறிப்பிடுங்கள். கடிதத்தை வாசிக்கும் உத்தியோகத்தர், தானும் பிரதிவாதியாகலாம் என்பதை உணர்ந்தே பதில் எழுதுவார்.

அந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, கோவையை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக வைத்திருப்பது. முறைப்பாட்டுக் கடிதங்கள் முத்திரையோடு, படங்கள் திகதி, நேரம், இடத்தோடு, மாதிரி எடுத்தபோது நின்றவர்களின் கையொப்பத்தோடு, மேலே சொன்ன நான்கு பதிவேடுகளின் ஒப்பீடு ஒரே தாளில். கிணற்று நீர் சந்தேகம் என்றால், நிலையத்துக்கு மேற்பக்கத்துக் கிணறு ஒன்றிலும் கீழ்ப்பக்கத்துக் கிணறு ஒன்றிலும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாத மாதிரியை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்.

நாட்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு வரச் சொல்கிறது. ஒரு மாதத்தில் சட்டத்தரணியைப் பிடித்து, காசு சேர்த்து, ஆவணம் திரட்டுவது மீனவர் சங்கம் ஒன்றுக்கு முடியாத காரியம். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆகவே கழிவு கடலுக்குப் போனதைக் கண்ட திகதியை அன்றே எழுதிவைத்து, அதிலிருந்து 30 நாட்களுக்குள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாட்டைப் பதிந்து, விசாரணை இலக்கத்தை வாங்கிக் கோவையின் முதற்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.